தேவகோட்டையில் ஓர் இராச் சாப்பாடு

தேவகோட்டைக்குப் பிரயாணப்படுகிறவர்கள் முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ரயில் பாதையில் 'தேவகோட்டை ரஸ்தா' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதல்லவா? அங்கே தேவகோட்டை கிடையாது! ஊர் அங்கிருந்து கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கிறது. 'ரஸ்தா' என்றால் சாலை. "ஊருக்குப் போகிற சாலையைக் காட்டிவிட்டோம், மற்றதை உங்கள் சாமர்த்தியத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ரயில்வேக்காரர்கள் நாசூக்காகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகையால் சென்னையிலிருந்து போகிறவர்கள் காரைக்குடியில் இறங்கி, அங்கிருந்து சுமார் 18 கிலோமீட்டர் பஸ்ஸில் போவதுதான் சௌகரியம்.

"அவ்வளவு தூரம் போய் அங்கே என்ன பார்ப்பது?" என்று கேட்பீர்கள். கோயிலா? இருக்கிறது. நகரச் சிவன் கோயிலும் சிலம்பணிப் பிள்ளையாரும் ஊருக்குக் காவலாக இருக்கிறார்கள். சரித்திரமா? அதுவும் இருக்கிறது. 1942 ஆகஸ்டில், 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது, திருவாடானைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த சின்ன அண்ணாமலையை, ஜனங்கள் திரண்டு போய்ச் சிறையை உடைத்து மீட்டுக்கொண்டு வந்த சீமை இது. பின்னாளில் சென்னையில் 'தமிழ்ப் பண்ணை' என்ற புத்தகப் பிரசுரம் நடத்தினாரே, அவரேதான்.

ஆனால், நேயர்களே, உங்களை நான் இன்றைக்கு அழைத்துப் போகப்போவது கோயிலுக்கும் அல்ல, சிறைச்சாலைக்கும் அல்ல. ஓர் அடுப்படிக்கு!

கல்லூரியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் தேவகோட்டைக்காரர். சென்னையில் உத்தியோகம். அவருடைய தாயார் மட்டும் ஊரில், பூர்வீக வீட்டில். "தை பிறந்ததும் ஆத்தாவைச் சென்னைக்கே அழைத்துவந்துவிடப் போகிறோம். முழங்கால் வலி, தனியாக விட முடியவில்லை. அதற்குள் ஒரு நாள் வந்து, அந்த வீட்டில், அவர் கையால் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போ" என்று அவர் சொன்னபோது எப்படி மறுப்பது? எங்கள் ஓவிய நண்பரும் அவர் மனைவியும் உடன் கிளம்பினார்கள். ஓவியர் வீட்டைப் படம் போடுவதாக ஏற்பாடு. அவர் மனைவி சமையல் குறிப்பு எடுப்பதாக ஏற்பாடு. எனக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை சாப்பிடுவது. கடமையில் நான் குறை வைக்கவில்லை.

ஒரு வீடு, எட்டு அடுப்பு

செட்டிநாட்டு வீட்டைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள், சினிமாவிலும் பார்த்திருப்பீர்கள். முகப்பு ஒரு வீதியில் இருக்கும். பின்வாசல் அடுத்த வீதியில் இருக்கும். நடுவில் கட்டு கட்டாக வீடு. தூண்களுக்குப் பர்மாத் தேக்கு. தரைக்கு இத்தாலியச் சலவைக்கல் அல்லது ஆத்தங்குடிக் கல். சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்பு. இன்றைக்கும் கையை வைத்தால் வழுக்குகிறது. முற்றத்து ஓட்டிலிருந்து விழும் மழைத் தண்ணீரையும் வீணாக்காமல் அண்டாக்களில் பிடித்து வைப்பார்கள். வறண்ட பூமி அல்லவா?

ஆனால் சினிமாவில் காட்டாத இடம் ஒன்று உண்டு. அதுதான் இரண்டாங்கட்டுக்கு அப்பால் இருக்கும் அடுப்படி வரிசை.

நகரத்தார் குடும்பங்களில் 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம். பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும், அரிசி பருப்பு, பாத்திரம் பண்டங்களோடு அவனையும் மருமகளையும் தனிக் குடித்தனம் வைத்துவிடுவார்கள். தனிக் குடித்தனம் என்றால் வேறு வீட்டில் அல்ல. அதே வீட்டில், அதே கூரையின் கீழ், வளவில் அவர்களுக்கென்று ஓர் அறை. பின்கட்டில் அவர்களுக்கென்று ஓர் அடுப்பு. வரவு செலவு அவரவர் கணக்கு. ஒரு வீட்டில் எத்தனை மருமகள்களோ அத்தனை அடுப்பு. மாமியார் மருமகள் சண்டைக்கு இப்படி ஒரு பரிகாரத்தை வேறு யார் கண்டுபிடித்தார்கள், சொல்லுங்கள்!

"நான் வாக்கப்பட்டு வந்தப்ப இங்கன எட்டு அடுப்பு எரிஞ்சிச்சு, தம்பி" என்றார் ஆச்சி. அது 1962-ஆம் வருஷம். "எந்த அடுப்புல என்ன குழம்புன்னு மூக்கே சொல்லிப்புடும். ஒருத்தி வீட்டுல உப்புக் கூடிருச்சுன்னா ஏழு பேருக்கும் தெரிஞ்சு போகும்."

இப்போது அந்த எட்டில் ஒன்றுதான் எரிகிறது. பக்கத்தில் ஒரு காஸ் அடுப்பு. மற்ற ஏழிலும் சாம்பல்கூட இல்லை. சுத்தமாகப் பெருக்கிக் கோலம் போட்டிருக்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை, முன்னோர்களுக்குப் 'படைப்பு' நடக்கும்போது பங்காளிகள் எல்லாரும் வந்து சேர்வார்கள். அந்த ஒரு நாள் எல்லா அடுப்பும் பற்றும். மறுநாள் சென்னைக்கும், கோயமுத்தூருக்கும், சிங்கப்பூருக்கும் கார்கள் கிளம்பிவிடும்.

இலை போட்டாயிற்று

எட்டு மணிக்கு இலை போட்டார்கள். வரிசையாக உட்கார்ந்தோம். ஆச்சி மட்டும் உட்காரவில்லை; முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தூணில் சாய்ந்து நின்று, ஒவ்வோர் இலையையும் கண்ணாலேயே விசாரித்துக்கொண்டிருந்தார். பரிமாறியவர் ஆச்சியின் பேத்தி. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

முதலில் இனிப்பு. கவுணி அரிசி! கறுப்பாக, பளபளவென்று, தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் நெய்யும் கலந்து, ஒரு கரண்டி. முதல் நாள் இரவே ஊறப்போட்டு, மறுநாள் நிதானமாக வேக வைத்தால்தான் அது மசியும். பிறகு இடியாப்பம், அதற்குத் தோதாகக் கத்திரிக்காய் கோசமல்லி. அதன் பிறகு வெள்ளைப் பணியாரம், மிளகாய்ச் சட்னியோடு. புலால் சாப்பிடுகிறவர்களுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு. கடைசியில் "ஒரு பிடி சோறு சாப்பிடாட்டிச் சாப்பிட்ட மாதிரி ஆகுமா?" என்று சோறு, அதற்கு வெண்டைக்காய் மண்டி, ரசம், மோர்.

ஓவியர் மனைவி மண்டியில் நின்றுவிட்டார். "ஆச்சி, இந்தக் குழம்புக்கு உடம்பு எப்படி வந்தது? தேங்காய் அரைத்துவிட்ட மாதிரி தெரியவில்லையே?" என்று கேட்டார்.

"அரிசி களைஞ்ச தண்ணிம்மா! அதுலதான் புளியைக் கரைச்சு ஊத்துறது" என்றார் ஆச்சி.

பாருங்கள்! இரண்டாவது முறை அரிசி களைந்த தண்ணீரை நாம் தொட்டியில் கொட்டிவிடுகிறோம். தண்ணீரின் அருமை தெரிந்த ஊர் அதில் ஒரு குழம்பே வைத்துவிட்டது. இந்தப் பக்கத்துச் சமையலின் ரகசியத்தில் பாதி இதுதான். பச்சைக் காய்கறி எப்போதும் கிடைக்காத சீமை. ஆகவே கிடைக்கிற காலத்தில் மாங்காயையும் கத்திரிக்காயையும் சுண்டைக்காயையும் வற்றல் போட்டு வைத்தார்கள். இறைச்சியை உப்புக்கண்டம் ஆக்கினார்கள். மீனுக்குப் பஞ்சமில்லை. சுமார் 40 கிலோமீட்டரில் தொண்டிக் கடற்கரை இருக்கிறதே!

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டணத்து ஹோட்டல்களில் 'செட்டிநாடு' என்று பெயர் போட்ட பண்டத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணிலும் மூக்கிலும் ஜலம் வடிய எழுந்து வந்தவர்கள் உங்களில் அநேகர் இருப்பீர்கள். ஆச்சியின் கோழிக் குழம்பில் அந்தக் காரம் இல்லை. மிளகு தெரிந்தது, சோம்பு தெரிந்தது, கோழியும் தெரிந்தது! இதை அவரிடம் சொன்னேன்.

"காரத்தை அள்ளிப் போட்டா ருசி இல்லாதது வெளியில தெரியாதுல்ல? அதான் போடுறாக" என்றார்.

கறுப்பு அரிசியின் கதை

சாப்பிட்டு முடித்து, வளவில் பாயை விரித்துப் போட்டு, வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். ஓவியர் மனைவி அஞ்சறைப் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதில் இருந்த சாமான்களைப் பார்த்தால் பூகோளப் பாடம் நடத்தலாம். அன்னாசிப்பூ, தென் சீனத்திலும் வியட்நாமிலும் விளைவது. அங்கே ஸைகோன் நகரத்தில் செட்டியார்கள் கோயில் கட்டிக் குடியிருந்தார்கள். கல்பாசி, பாறையிலும் மரப்பட்டையிலும் படர்கிற பாசி. கையில் எடுத்தால் வாசனையே இல்லை, எண்ணெயில் விழுந்தால் வீதி முழுவதும் மணக்கிறது. மராட்டி மொக்கு, இலவ மரத்தின் மொக்கு.

எல்லாவற்றிலும் சுவாரசியமானது கவுணி அரிசிதான். பர்மாவில் ஒட்டுகிற அரிசிக்குக் 'கௌக் நியின்' என்று பெயர். வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். 'கவுணி' எங்கிருந்து வந்திருக்கலாம் என்று உங்களுக்கே தோன்றும்.

அந்தக் காலத்தில் செட்டிநாட்டு ஆண்கள் கப்பலேறி ரங்கூனுக்கும் மோல்மீனுக்கும் போவார்கள். ஒரு தடவை போனால் மூன்று வருஷக் கணக்கு. பெண்கள் இங்கேயே இருப்பார்கள். பிள்ளை வளர்ப்பது, வீட்டுக் கணக்கு எழுதுவது, கல்யாணம் கார்த்திகை பார்ப்பது, ஆயிரம் பேருக்குச் சமைக்கச் சாமான் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அரண்மனை மாதிரி வீட்டைக் கட்டிய பெருமை கடல் தாண்டிப் போனவர்களுக்கு என்றால், அதை வீடாக வைத்திருந்த பெருமை போகாதவர்களுக்கு.

பர்மாவில் அவர்கள் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-களில் உலகமெங்கும் மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாக இருந்த நிலங்கள் கைக்கு வந்தன. 1938-ல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 ஜில்லாக்களில் நெல் வயல்களில் ஏறத்தாழக் காற்பங்கு செட்டியார்கள் வசம் இருந்தது. நிலத்தை இழந்த பர்மியர்கள் மனம் குமுறியதும் இயற்கைதானே? 1942-ல் ஜப்பானியர் வந்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டையும் மலையையும் கடந்து நடந்தே தாயகம் திரும்பினார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றது. நிலங்கள் தேசிய உடைமை ஆயின. 1962-ல் ராணுவ ஆட்சி வந்த பிறகு, மிச்சம் மீதி இருந்த தொழிலும் போயிற்று.

"எங்க மாமனார் நடந்து வந்தவுகதான்" என்று ஆச்சி மெல்லச் சொன்னார். "என்ன பட்டாகளோ, ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. கவுணி அரிசி மட்டும் தொட மாட்டாக. எங்க மாமியார் எந்த விசேஷத்துக்கும் அதை விடாம வைப்பாக. எல்லாருக்கும் இலையில முதல்ல அதுதான் விழுகும். இவுக இலையில மட்டும் வைக்க மாட்டாக. ஏன்னு நாங்களும் கேட்டதில்லை. கேக்குற வழக்கமும் இல்லை."

சற்று நேரம் யாரும் பேசவில்லை. ஓவியர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

ஆழாக்கும் தராசும்

பேத்திதான் பேச்சை மாற்றினாள். உள்ளே போய் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசைக் கொண்டுவந்து வைத்தாள். பெங்களூரிலிருந்து இதற்காகவே வாங்கி வந்தாளாம்!

விஷயம் இதுதான். வெள்ளைப் பணியாரத்துக்கு இந்த ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே கணக்குத்தான் சொல்வார்கள். ஓர் ஆழாக்கில் பச்சரிசியைத் தலை தட்டி அளக்க வேண்டும். பிறகு அந்த அரிசியின் தலைமேல் உளுத்தம்பருப்பைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். சரியாமல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, வெண்ணெயாக அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் கொஞ்சம் பாலும் விட்டுக் கரைத்துக்கொள்ள வேண்டும். மாவைப் புளிக்க விடக் கூடாது. காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி மாவு. ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்று. அது உப்பி மேலே வந்ததும் திருப்பிப் போட்டு, சிவப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். மல்லிகை மொட்டு நிறம்தான் கணக்கு.

பேத்தி இதை அட்சரம் பிசகாமல் எழுதிக்கொண்டு போய்ப் பெங்களூரில் செய்து பார்த்திருக்கிறாள். பணியாரம் கல்லாக வந்தது. மறுபடி செய்தாள், மறுபடியும் கல். பாவம், அரிசியை மாற்றினாள், உளுந்தை மாற்றினாள், எண்ணெயை மாற்றினாள். ஊருக்கு வந்து அப்பத்தாவின் பித்தளை ஆழாக்கைக் கையில் எடுத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அந்த ஆழாக்கு அகலவாய். இவள் அளந்ததோ, வாய் குறுகிய உயரமான டம்ளர்! வாய் அகன்றால் கோபுரம் பெரிது. குறுகினால் கோபுரம் சிறிது. உளுந்து குறைந்தால் பணியாரம் எப்படி உப்பும்?

"இத்தனை வருசமா அளந்தேன், எனக்கே இது தோணலை, பாருங்க!" என்று ஆச்சிக்கு ஒரே சிரிப்பு.

அன்றிலிருந்து பேத்தி தராசும் கையுமாக அலைகிறாள். ஆச்சி உப்பை அள்ளினால் "அப்பத்தா, இருங்க!" என்று தட்டை நீட்டுகிறாள். புளியை உருட்டினால் நிறுக்கிறாள். மிளகாயைக் கிள்ளினால் எண்ணுகிறாள். இதில் ஒரு சங்கடம். ஒரே குழம்புக்குத் திங்கட்கிழமை எடுத்த புளியும் வியாழக்கிழமை எடுத்த புளியும் ஒரே எடை இல்லை.

"ஏன் அப்பத்தா இன்னைக்குக் குறைச்சுப் போட்டீங்க?"

"அது பழம்புளி, ஆத்தா. கறுத்துப் போச்சு. புளிப்பு ஏறியிருக்கும். கண்ணு பாத்தாக் கை தானாக் குறையும்."

பேத்தியின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். இடது பக்கத்தில் கிராம் கணக்கு. வலது பக்கத்தில் 'பழம்புளி', 'மழை நாள்', 'புது அரிசி', 'மிளகாய் காரம் ஜாஸ்தி' என்று காரணங்கள். இடது பக்கத்தைவிட வலது பக்கம்தான் அதிகம் நிறைந்திருந்தது. தை பிறக்க இன்னும் சில வாரங்களே இருந்தன. லீவை ஒரு வாரம் நீட்டிக் கேட்டிருப்பதாகச் சொன்னாள்.

பூட்டப்போகும் வீடு

ஆதியில் நகரத்தார் ஊர்கள் 96 என்பார்கள். இன்றைக்கு எழுபது சொச்சம். பூட்டிய வீடுகள் அவற்றில் எத்தனையோ! சில வீடுகள் ஹோட்டல்களாகிப் பிழைத்துக்கொண்டன. சிலவற்றைப் பிரித்து விற்றுவிட்டார்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பாருங்கள். தேக்குத் தூணும், சித்திரக் கதவும், சீதனமாக வந்த இனாமல் பாத்திரமும் பழம்பொருள் கடைகளில் விலைச்சீட்டோடு நிற்கின்றன. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. சந்தோஷம்தான். ஆனால் எட்டுப் பங்காளிகளும் ஒப்பினால்தான் ஓர் ஓட்டை மாற்ற முடியும் என்கிற வீட்டில், மழை காத்திருப்பதில்லையே!

என் நண்பருக்கும் மனசு சரியில்லை. "தாயாரையும் வைத்துக்கொள்ள வேண்டும், வீட்டையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் இரண்டு பேராகப் பிறந்திருக்க வேண்டும்" என்றார். ஆச்சி அழவும் இல்லை, ஆட்சேபிக்கவும் இல்லை. அவருடைய கவலை வேறு.

"நாலாவது மாடியாமே! ஆட்டுக்கல்லு வைக்க விடுவாகளா?"

"லிப்ட் தாங்காது, ஆத்தா" என்றார் நண்பர்.

"அப்ப அது இங்கனயே கிடக்கட்டும். படைப்புக்கு வேணும்ல?" என்றார் ஆச்சி. படைப்புக்குத் தாம் வராமல் இருக்கப்போவதில்லை என்பதை அவர் அப்படித் தெரிவித்துவிட்டார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, பித்தளை ஆழாக்கைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார். "நீ நிறுத்துக்க, எழுதிக்க, வேணாம்னு சொல்லலை. இதையும் வச்சுக்க."

மறுநாள் காலையில் கிளம்பினோம். வாசல்வரை வந்த ஆச்சி, ஓவியர் மனைவி கையில் ஓர் எவர்சில்வர் தூக்கைக் கொடுத்தார். உள்ளே மனகோலமும் சீப்புச் சீடையும். "தூக்கு பத்திரம்மா, சென்னைக்கு வந்ததும் வாங்கிக்கிறேன்" என்றும் சொல்லிவிட்டார்.

இங்கேதான், வாசகிகளே, உங்கள் உதவி தேவைப்படுகிறது. பலகாரம் காரைக்குடி தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் எல்லார் வீட்டிலும் உள்ள சம்பிரதாயம். தை பிறந்து ஆச்சி சென்னைக்கு வரும்போது அந்தத் தூக்கில் எதைப் போட்டுக் கொடுப்பது? கடையில் வாங்கிய மைசூர்பாகைப் போடலாம் என்கிறார் ஓவியர். அவர் மனைவி ஒப்பவில்லை. "என் பாட்டி திரட்டுப்பால் கிளறுவாள். அது எப்படி என்று கேட்டுக்கொண்டு வருகிறேன்" என்று, ரயிலில் இருந்தபடியே திருநெல்வேலிக்குப் போன் போட்டுவிட்டார். பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம். கம்பார்ட்மெண்ட் முழுவதுக்கும் செய்முறை தெரிந்துவிட்டது.

உங்கள் வீட்டில் பெயர்போன பண்டம் எது? அதை அளக்கிற ஆழாக்கு யார் கையில் இருக்கிறது? ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்.